ஆலயத்துக்கு ஒரு நல்ல இணையதளம்: கைகொடுக்கும் குறிப்புகள்

உங்கள் ஊர் ஆலயத்துக்கு இணையதளம் தொடங்கப் போகிறீர்களா? அல்லது யாரோ எப்போதோ தொடங்கியது கவனிப்பாரில்லாமல் கிடக்கிறதா? பங்கோ, சேகரமோ, சின்ன ஜெபவீடோ, எதுவானாலும் சரி. பெரிய கம்பெனியிடம் போகாமல், சபையில் இருக்கிற பிள்ளைகளையும் கையில் இருக்கிற போனையும் வைத்தே செய்யக்கூடியவை இவை. புதிதாக வருகிற ஒருவர் தயங்காமல் உள்ளே நுழைய வேண்டும். அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் எதைப் போடுவது, எதை விடுவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

1. முதல் பக்கத்தைத் திறந்ததும், விரலால் நகர்த்தாமலே மூன்று விஷயம் தெரிய வேண்டும்: ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு, ஆலயம் எங்கே, யாரைக் கூப்பிடுவது. குருவானவரின் வாழ்த்துச் செய்தி, வரலாறு, படங்கள் எல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.

2. "காலை 8.30" என்று மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். தமிழா ஆங்கிலமா, திருவிருந்து உண்டா, ஏறக்குறைய எத்தனை மணிக்கு முடியும் என்பதையும் சேருங்கள். கைக்குழந்தையோடு வருகிறவரும் மதியம் ரயில் பிடிக்க வேண்டியவரும் முடியும் நேரத்தைத்தான் முதலில் தேடுவார்கள்.

3. தவக்காலம் வந்தால் நேரம் மாறும், கோடை விடுமுறையில் ஓய்வுநாள் பள்ளி இருக்காது. இதைத் தனி அறிவிப்பாகப் போடாமல், பழைய நேரம் இருக்கிற அதே இடத்திலேயே திருத்திவிடுங்கள். ஒரே தளத்தில் இரண்டு நேரம் இருந்தால், வருகிறவர் தவறான நேரத்துக்குத்தான் வந்து நிற்பார்.

4. பக்கங்கள் அதிகம் வேண்டாம். ஆராதனை நேரம், வரும் வழி, முதல்முறை வருகிறவர்களுக்கு, சான்றிதழும் திருமணமும், தொடர்பு என்று ஐந்து இருந்தால் தொடங்கிவிடலாம். "விரைவில் வரும்" என்று வெற்றுப் பக்கம் வைப்பதைவிட அந்தப் பக்கமே இல்லாதது மேல்.

5. அந்தோனியார் ஆலயமும் சவேரியார் ஆலயமும் ஊருக்கு ஊர் உண்டு. தளத்தின் தலைப்பிலேயே ஊர்ப் பெயரையும் திருமண்டலம் அல்லது மறைமாவட்டத்தின் பெயரையும் சேர்த்துவிட்டால், வேறு ஊர்க்காரர்களின் போன் உங்களுக்கு வராது.

6. மக்கள் வாயில் புழங்கும் பெயரையும் ஓரிடத்தில் எழுதிவையுங்கள். பாளையங்கோட்டையில் ஆட்டோவில் ஏறி "தூய திரித்துவப் பேராலயம்" என்று சொல்கிறவர்கள் குறைவு. "ஊசிக்கோபுரம்" என்றால் நேரே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கூகுளில் தேடுகிறவரும் அந்தப் பெயரைத்தான் அடிப்பார்.

7. கூகுள் மேப்பில் உங்கள் ஆலயத்தின் குறி எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பின்பக்கத் தெருவிலோ கல்லறைத் தோட்டத்திலோ நின்றால், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் வாசலுக்கு நகர்த்தி வையுங்கள். இதற்குக் காசு கிடையாது.

8. வரும் வழியை அடையாளம் சொல்லி எழுதுங்கள்: எந்தப் பேருந்து நிறுத்தம், இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எதிரில் என்ன கடை. கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனைக்கு அறிவிப்புப் போடும்போது, திரும்பிப் போகப் பேருந்து இருக்குமா என்பதையும் ஒரு வரி எழுதிவிட்டால் பாதிப் பேரின் கவலை தீரும்.

9. "முதல்முறை வருகிறீர்களா?" என்ற பக்கத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். செருப்பை வெளியே விட வேண்டுமா, பெண்கள் தலைக்கு முக்காடு போட வேண்டுமா, ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காருவார்களா, பாட்டுப் புத்தகம் அங்கேயே கிடைக்குமா, குழந்தை அழுதால் எங்கே எழுந்து போவது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இவை தோன்றவே தோன்றாது. புதியவருக்கோ, வாசல் வரை வந்து திரும்பிப் போவதற்கு இதில் ஒரு சந்தேகமே போதும். அண்மையில் சபைக்கு வந்து சேர்ந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

10. வேற்று மதத்தினர் வரலாமா என்ற கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் எழுதுங்கள். வேளாங்கண்ணிக்கு எல்லா மதத்தாரும் போவது ஊரறிந்த விஷயம். ஆனால் தெருமுனை ஆலயத்துக்குள் போகலாமா என்று தயங்குகிற பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் இருக்கிறார். "யாரும் வரலாம், அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்கலாம்" என்ற ஒரே வரி அவருக்குப் பெரிய அழைப்பு.

11. திருவிருந்தில் அல்லது நற்கருணையில் யார் பங்கு பெறலாம் என்பது சபைக்குச் சபை வேறுபடும். அதைக் குருவானவரிடமே கேட்டு, மனம் நோகாத வார்த்தைகளில் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் போய் நின்ற பிறகு தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது வருகிறவருக்கு நிம்மதி.

12. சாய்தளம் இருக்கிறதா, எந்த வாசலில், கழிப்பறை எங்கே, முழங்கால் போட முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டா? மூட்டுவலிக்காரர்கள் உள்ள வீட்டில் இதைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். சாய்தளம் இல்லையென்றால் "படி நான்கு உண்டு, உதவிக்கு ஆள் நிற்பார்" என்று உள்ளதை எழுதுங்கள்.

13. போன் எண்ணைப் படமாகப் போடாதீர்கள். எழுத்தாக அடித்து, விரல் பட்டால் அழைப்புப் போகும்படி இணைப்புக் கொடுங்கள். பக்கத்திலேயே வாட்ஸ்அப் இணைப்பும் இருந்தால், கூப்பிடத் தயங்குகிறவர்கள் செய்தி அனுப்பிக் கேட்டுக்கொள்வார்கள்.

14. நடுராத்திரியில் வீட்டில் ஒருவர் இறந்துபோனால், அல்லது ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் குருவானவர் தேவைப்பட்டால், யாரைக் கூப்பிடுவது? அந்த எண்ணை எல்லாப் பக்கத்தின் அடியிலும், "அவசரத்துக்கு, எந்த நேரமும்" என்று எழுதி வையுங்கள். எடுக்கிறவர் யார், அவர் எடுக்காவிட்டால் அடுத்தது யார் என்பதும் இருக்கட்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க ஒருவருக்கும் மனம் இருக்காது. இணையதளம் வேறு எதற்கும் பயன்படாவிட்டாலும் இதற்குப் பயன்பட்டால் போதும்.

15. தொடர்புக்குக் குருவானவரின் சொந்த எண்ணைப் போட்டால், அவர் மாறுதலாகிப் போனபிறகும் அழைப்புகள் அவரையே துரத்தும். ஆலயத்துக்கென்று ஒரு சிம் வாங்கி, சாதாரண பட்டன் போனில் போட்டு அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். மின்னஞ்சலும் அப்படியே, ஆளின் பெயரில் வேண்டாம், பொறுப்பின் பெயரில் இருக்கட்டும்.

16. பழைய மாத இதழ்களும் பாட்டுத் தாள்களும் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். அப்படியே வெட்டி ஒட்டினால் தளத்தில் கிறுக்கல்தான் தெரியும். இலவச மாற்றிகள் நிறைய உண்டு, யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒற்று, கொம்பு, காலை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துப் போடுங்கள்.

17. தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் விரிகிறவை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை எடுத்து, அளவு 16 பிக்சலுக்குக் குறையாமல், வரி இடைவெளியை ஒன்றரை மடங்குக்கு மேல் வைத்தால் பாட்டிமாரும் கண்ணாடி இல்லாமல் படிக்க முயல்வார்கள்.

18. இரண்டு ஓரமும் நேராக வர வேண்டுமென்று பத்தியை இழுத்துக் கட்டாதீர்கள். நம் சொற்கள் நீளமானவை, போன் திரையில் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டை விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

19. அறிவிப்பைக் கேன்வாவில் அழகாகச் செய்து படமாக மட்டும் ஏற்றினால், கூகுள் தேடலில் சிக்குவது அரிது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதைப் படித்துச் சொல்லத் திணறும். படம் இருக்கட்டும், கீழேயே நாள், நேரம், இடம் மூன்றையும் எழுத்தாகவும் அடித்துவிடுங்கள்.

20. தட்டச்சு தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். போனில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக்கை அழுத்தி, ஞாயிறு வாசித்த அறிவிப்புத் தாளை நிதானமாக வாசியுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும். வேதாகமப் பெயர்களை மட்டும் பிறகு திருத்தினால் போதும்.

21. ஆலயத்தின் படத்தைக் காலை வெயில் முகப்பில் விழும்போது, தெருவிலிருந்து எடுங்கள். வருகிறவர் கண்ணுக்குத் தெரியப்போவது அந்தக் காட்சிதான், பார்த்ததும் "இதுதான்" என்று வண்டியை நிறுத்துவார். பீடத்தின் படம் இரண்டாவதாக வரட்டும்.

22. இணையத்தில் கிடைக்கும் பனிமூடிய வெளிநாட்டு ஆலயப் படத்தையும் வெள்ளைக்கார குடும்பப் படத்தையும் எடுத்து ஒட்டாதீர்கள். ஓலைப்பந்தலும் தோரணமும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக உங்கள் ஆலய முற்றம் எப்படி இருக்கிறதோ அதுதான் அழகு. ஆலயம் பெருக்குகிற அம்மாவும், மணி அடிக்கிற பெரியவரும், பாடகர் குழுப் பிள்ளைகளும் சம்மதித்தால் அவர்கள் படத்தைப் போடுங்கள்.

23. போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 3, 4 எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் கிராமத்தில் உள்ளவர்களுக்குப் பக்கம் திறக்காது. ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தில் 200 கேபி அளவுக்குச் சுருக்கலாம். அவசரத்துக்கு, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே சாதாரணப் படமாக அனுப்பி, அதை எடுத்துப் போட்டாலும் அளவு குறைந்துவிடும்.

24. குழந்தைகள் படத்தில் கவனம் வேண்டும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ளவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் முறை. ஓய்வுநாள் பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்து, வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்கிவிட்டால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அலைய வேண்டாம். பெயரும் பள்ளியும் வகுப்பும் சேர்த்துப் போடவே போடாதீர்கள்.

25. தளம் திறந்ததும் தானாகப் பாட்டு ஒலிப்பது, எழுத்து ஓடுவது, படம் மாறிக்கொண்டே இருப்பது எல்லாம் வேண்டாம். பேருந்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் சட்டென்று மூடிவிடுவார், டேட்டாவும் வீண்.

26. தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, ஆர்வமுள்ள தம்பி ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்க விடாதீர்கள். ஆலய மின்னஞ்சலில், ஆலயத்தின் பெயரில் வாங்கச் சொல்லுங்கள். அவர் வேலை கிடைத்து வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் அவருக்குத்தான் போகும். காலாவதியான பெயரை வேறு யாரோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவதும் நடக்கிறது. அந்த அவமானம் ஆலயத்துக்கு வர வேண்டாம்.

27. முதல் வருடக் கட்டணத்தைப் பார்த்து மயங்காதீர்கள், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பாருங்கள். சிக்கனத்துக்கு டாட் இன் பெயரே தாராளம். காசு இருக்கும்போது சேர்த்து மூன்று வருடத்துக்குக் கட்டிவிட்டு, முடியும் தேதியை ஆலய நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

28. கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பதிவேடுகள் இருக்கும் பீரோவில் வையுங்கள். குருவானவர் மாறும்போது ஞானஸ்நானப் பதிவேடும் கணக்குப் புத்தகமும் ஒப்படைப்பதுபோல் இந்த உறையும் ஒப்படைக்கும் பட்டியலில் வரட்டும்.

29. பணமே இல்லையா? கூகுள் சைட்ஸில் ஒரு சாயங்காலத்தில் இலவசமாகச் செய்துவிடலாம். கொஞ்சம் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் வேர்ட்பிரஸில் செய்யட்டும். மென்பொருள் இலவசம், இடத்துக்கு மட்டும் வாடகை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வடிவமைப்பு வாங்கும் முன், அந்தக் காசில் சாய்தளம் கட்ட முடியுமா என்று யோசியுங்கள்.

30. முகவரிக்கு முன்னால் "பாதுகாப்பற்றது" என்று வந்தால் வருகிறவர் பயந்துவிடுவார். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இதற்கான பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படியும் செய்துவிடலாம். இதற்குத் தனியாகக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

31. நிகழ்ச்சிகளை ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்காமல், ஆலயத்துக்கென்று ஒரு கூகுள் நாட்காட்டி தொடங்கி அதைத் தளத்தில் பதித்துவிடுங்கள். செயலர் தன் போனில் ஒருமுறை மாற்றினால் தளத்திலும் மாறிவிடும். சபையார் தங்கள் போன் நாட்காட்டியிலும் சேர்த்துக்கொள்ளலாம்.

32. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எந்த ஞாயிறு வேண்டுமானாலும் வரும். அதைப் பிடித்துத்தான் சாம்பல் புதன், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி எல்லாம் நகரும். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28, சாம்பல் புதன் பிப்ரவரி 10. 2028-ல் ஈஸ்டர் ஏப்ரல் 16, சாம்பல் புதன் மார்ச் 1. வருடத் தொடக்கத்திலேயே இவற்றை ஒரே மூச்சில் நாட்காட்டியில் ஏற்றிவிட்டால் வருடம் முழுக்க நிம்மதி.

33. தேதி மாறாத திருவிழாவுக்கு வருடாவருடம் புதுப் பக்கம் போடாதீர்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா என்பது மாறுவதில்லை. உங்கள் ஆலயத் திருவிழாவும் அப்படியானால் ஒரே பக்கத்தில் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுங்கள். பழைய இணைப்பைச் சேமித்து வைத்தவர்களுக்கும் புது விவரம் கிடைக்கும், தேடலிலும் அந்தப் பக்கம் நிலைத்து நிற்கும்.

34. திருவிழா நேரத்தில் அலுவலகத்துக்கு வரும் போன்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டு, பதிலைப் பக்கத்தின் தலையில் போடுங்கள். தூத்துக்குடி பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5 என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் தங்கத்தேர் எல்லா வருடமும் ஓடாது, 2023-ல் ஓடியது. வெளியூர்க்காரர் கேட்பது "இந்த வருடம் தேர் உண்டா?" என்பதைத்தான்.

35. அசன விழாவுக்கும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் சென்னையிலிருந்து ஊர்க்காரர்கள் வர வேண்டுமே! ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. தேதியை மூன்று மாதத்துக்கு முன்பே தளத்தில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் படுக்கை வசதி கிடைக்கும்.

36. நவம்பர் கடைசியிலேயே டிசம்பர் 24, 25, 31 ஆகிய மூன்று நாள் ஆராதனை நேரத்தையும் முதல் பக்கத்தின் உச்சியில் ஏற்றுங்கள். வருடம் முழுக்க ஆலயப் பக்கம் வராதவர்களும் தேடுகிற நாட்கள் அவை.

37. சனிக்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம் ஒதுக்கி, முடிந்துபோன நிகழ்ச்சிகளை எடுத்துவிடுங்கள். ஜூன் மாதத்தில் கிறிஸ்துமஸ் கீத பவனி அறிவிப்பு நின்றால், ஆராதனை நேரம்கூடச் சரிதானா என்று சந்தேகம் வந்துவிடும்.

38. ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வெளிநாட்டிலிருந்தெல்லாம் அழைப்பார்கள். என்ன விவரம் வேண்டும், எத்தனை நாள் ஆகும், யாரிடம் கேட்க வேண்டும், எந்த வருடத்திலிருந்து பதிவேடு இருக்கிறது என்று எழுதிவையுங்கள். பதிவேட்டின் பக்கங்களை மட்டும் படமெடுத்துப் போடாதீர்கள், அவை குடும்பங்களின் சொந்த விவரம்.

39. திருமணத்துக்கு வேண்டிய தாள்களின் பட்டியல் ஒன்று போட்டால் அலுவலகத்துக்குப் பாதி நடை மிச்சம். வயது (மணமகளுக்கு 18, மணமகனுக்கு 21), ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ், மறுபக்கச் சபையின் கடிதம், திருமண ஆயத்தப் பயிற்சி என்று உங்கள் சபை கேட்பதை வரிசையாகப் போடுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டுமென்றால், அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே வரச் சொல்லித் தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

40. ஆலயச் சமுதாயக் கூடம் வாடகைக்கு உண்டென்றால் வாடகையை மறைக்காதீர்கள். நாற்காலி, பாத்திரம், ஜெனரேட்டர், துப்புரவு இதில் எது சேரும், எது சேராது என்றும், எந்தெந்தத் தேதி ஏற்கெனவே போய்விட்டது என்றும் போட்டால் கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் நேரம் மிச்சம்.

41. வரலாற்றுப் பக்கத்தில் புகழுரை குறைவாக, வருடமும் பெயரும் நிறைவாக இருக்கட்டும். மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், புதிய எருசலேம் ஆலயம் அங்கே 1718-ல் எழுந்தது என்று இரண்டு வரியில் சொன்னாலே படிக்கிறவர் மனதில் நிற்கும். தென்னிந்தியத் திருச்சபை ஆலயமென்றால், 1947 செப்டம்பர் 27-ல் சபைகள் ஒன்றாவதற்கு முன் உங்கள் ஆலயம் எந்த மிஷனில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் தேடும்போது அந்த ஒரு வரிதான் துப்பு.

42. அடிக்கல், நினைவுக் கல், மணியில் வார்த்த எழுத்து எல்லாவற்றையும் படம் எடுத்து, அதில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் அடித்துப் போடுங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். அடுத்த வெள்ளையடிப்பில் சுண்ணாம்பு அதன்மேல் ஏறிவிடலாம். அதற்குள் செய்துவிடுங்கள்.

43. எண்பது வயதைக் கடந்தவர்களிடம் போய் ஆலயத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து, போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்தப் புயலில் ஓடு பறந்தது, யார் வீட்டு வண்டியில் கல் வந்தது என்று புத்தகத்தில் இல்லாதது வரும். ஆளுக்கு ஐந்து நிமிடத் துண்டாக, அவர்கள் அனுமதியோடு போட்டால் சபையே உட்கார்ந்து கேட்கும்.

44. கல்லறைத் தோட்டத்துக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்: எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், எத்தனை மணி வரை திறந்திருக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம், புல் வெட்டிச் சுத்தம் செய்யும் நாளையும் அறிவித்தால் வெளியூர்ப் பிள்ளைகள் அதற்கேற்ப வருவார்கள்.

45. பிரசங்கத்தை வீடியோவாக மட்டும் வைக்காதீர்கள். அரை மணிப் பேச்சை 64 கேபிபிஎஸ் ஒற்றை ஒலித்தடத்தில் சேமித்தால் சுமார் 14 எம்பிதான் வரும். டேட்டா குறைந்தவர்களும் சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்பவர்களும் வாழ்த்துவார்கள்.

46. "செய்தி 37" என்று பெயரிட்டால் யாருக்குத் தெரியும்? "யோவான் 4, சமாரியப் பெண்" என்று வேதபகுதியையும் பொருளையும் தலைப்பாகப் போடுங்கள்.

47. நேரலையை யூடியூபில் வைத்துத் தளத்தில் பதித்தால் இடத்துக்குக் காசு கிடையாது. விவரக் குறிப்பில் 0:00 என்று தொடங்கிப் பாட்டு, வாசகம், பிரசங்கம் என மூன்று நேரங்களையாவது எழுதிவிட்டால், வேண்டிய இடத்துக்குத் தாவிக்கொள்ளலாம். திருவிருந்து வாங்குகிறவர் முகத்துக்கும் அழுகிறவர் முகத்துக்கும் கேமராவைக் கொண்டுபோக வேண்டாம்.

48. பாட்டில் காப்புரிமையைக் கவனியுங்கள். இந்தியச் சட்டத்தில் எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1864-ல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளை உங்கள் பாடகர் குழு பாடிப் பதிவேற்றலாம். யாரோ வெளியிட்ட ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பாடினால் மட்டும் சிக்கல் வரும்.

49. காணிக்கைக்குக் கியூஆர் படம் மட்டும் போதாது, தன் போன் திரையில் தெரிவதைத் தானே எப்படி ஸ்கேன் செய்வது? யுபிஐ முகவரியை எழுத்தாகவும் கொடுத்து, பணம் அனுப்பும்போது திரையில் வரவேண்டிய கணக்குப் பெயர் என்ன என்பதையும் எழுதுங்கள். இந்தப் பகுதி பக்கத்தின் அடியிலேயே இருக்கட்டும், வந்தவரிடம் முதலில் காசு கேட்க வேண்டாம்.

50. வெளிநாட்டு நன்கொடை விஷயத்தில் அசட்டை வேண்டவே வேண்டாம். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டுக் குடிமக்களிடம் வாங்க முடியாது, நம் ஊரில் பிறந்து கனடா குடியுரிமை பெற்றவரும் அதில் சேர்த்தி. பதிவு இருந்தாலும் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் வங்கி வழியாகச் சொந்தப் பணத்தை அனுப்புவது இதில் வராது. இந்த வித்தியாசத்தைத் தளத்தில் நாலு வரியில் எழுதிவிட்டால் ஆசையாக அனுப்புகிறவரும் சங்கடப்பட மாட்டார், ஆலயமும் சிக்கலில் மாட்டாது.

51. ஜெப விண்ணப்பப் படிவம் வைத்தால், அதை யார் யார் படிப்பார்கள் என்று மேலேயே சொல்லிவிடுங்கள். பெயரும் நோயும் கடன் கஷ்டமும் பொதுப் பக்கத்தில் வரவே கூடாது. பெயர் எழுதாமலும் அனுப்பலாம் என்ற வசதி இருந்தால், மனம் உடைந்தவர்களும் எழுதுவார்கள்.

52. குடும்ப விவரக் கையேட்டைப் பிடிஎஃப்பாக ஏற்றிவிட்டு, முகப்பில் இணைப்பு இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், தேடலில் அது வெளியே வந்துவிடும். அச்சுப் புத்தகமாகவே வீட்டில் இருக்கட்டும்.

53. மாதம் ஒருமுறை தளத்தை முழுதாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, கடவுச்சொல் உறை இருக்கும் பீரோவிலேயே வையுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் புதுப்பிப்புகளை அவ்வப்போது போடுங்கள், பயன்படாத செருகுநிரல்களை நீக்குங்கள், இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவையுங்கள். கள்ளன் நுழைவது பெரும்பாலும் பழைய செருகுநிரல் வழியாகத்தான்.

54. ஆங்கிலத்தில் முழுத் தளமும் வேண்டாம். நேரமும் வழியும் ஒரு பக்கம், முதல்முறை வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் போதும், வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவரும் வெளிநாட்டில் வளர்ந்த பேரனும் படித்துக்கொள்வார்கள். இயந்திர மொழிபெயர்ப்பைச் சபையில் உள்ள ஒரு ஆசிரியையிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.

55. எல்லாம் முடிந்ததும், விலை குறைந்த ஒரு போனை, வைஃபை இல்லாமல், சபையில் உள்ள ஒரு அம்மாச்சி கையில் கொடுத்து, "அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு ஆராதனை, பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காமல், அவர் விரல் எங்கே தடுமாறுகிறது என்று கவனியுங்கள். ஆலயத்துக்கே வராத பக்கத்து வீட்டுக்காரரிடமும் இதையே செய்து பாருங்கள். அவர்கள் இருவரும் தடுமாறிய இடங்களைத் திருத்தினால் தளம் நல்ல தளம்தான்.

56. தளத்தின் முகவரியைக் கியூஆர் படமாக அச்சடித்து ஆலய வாசலிலும் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள், கதவு பூட்டியிருக்கும் நேரத்தில் வந்தவர் நேரம் தெரிந்துகொண்டு போவார். காணிக்கைக் கியூஆர் ஒட்டியிருந்தால், வேறு யாரும் மேலே ஒட்டிவிடவில்லையா என்று கோயில்பிள்ளை வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

57. இணையதளம் தொடங்க நாளாகும் என்றால், கூகுளில் உங்கள் ஆலயத்தின் பெயரைத் தேடி, அங்கே இருக்கும் ஆராதனை நேரமும் போன் எண்ணும் சரிதானா என்று இன்றைக்கே பாருங்கள். தவறாக இருந்தால் நீங்களே திருத்தத்தை அனுப்பலாம், செலவில்லை, பத்து நிமிடம் போதும். வருகிற ஞாயிறுக்கு முன் செய்துவிடுங்கள்.